முதலில் துறை, பிறகு ரீல், கடைசியில் மென்பொருள்

அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ். பக்கம் வர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த மென்பொருள் படித்தால் வேலை கிடைக்கும்? மாயாவா, பிளெண்டரா, நியூக்கா, ஹௌடினியா? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கடைசியில் கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறார்கள். ஸ்டுடியோக்கள் வெளியிடும் ஆள்தேவை அறிவிப்புகளைப் பத்து நாள் தொடர்ந்து படித்துப் பாருங்கள். ‘மாயா தெரிந்தவர் தேவை’ என்று பொதுவாக எவரும் கேட்பதில்லை. ரோட்டோ ஆர்ட்டிஸ்ட், மேட்ச்மூவ் ஆர்ட்டிஸ்ட், லைட்டிங் டி.டி., காம்பாசிட்டர் என்று துறையின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். மென்பொருளின் பெயர் அதற்குக் கீழே, தகுதிப் பட்டியலில் ஒரு வரியாக வரும். உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவரும் அந்தத் துறையின் லீட் அல்லது சூப்பர்வைசர்தான். அவருக்குத் தேவை தன் துறைக்கு ஓர் ஆள். பத்து மென்பொருளைத் தொட்டுப் பார்த்தவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியாது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் வரிசை தலைகீழானது. துறையைத் தீர்மானியுங்கள். அந்தத் துறைக்கான ரீலை, அதாவது உங்கள் சிறந்த வேலைகளைத் தொகுத்த சிறு காணொளியை, கட்டுங்கள். அந்த ரீலுக்கு எந்தக் கருவி வேண்டுமோ அதை மட்டும் படியுங்கள். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்ற முடிவை இவற்றுக்குப் பிறகு எடுங்கள்.

ஒரு ஷாட் எத்தனை கை மாறுகிறது

மாடியிலிருந்து கதாநாயகன் குதிக்கும் ஐந்து விநாடிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் மொத்தம் 120 ஃபிரேம். கேமராவிலிருந்து வந்த இந்தத் துண்டைப் பிளேட் என்பார்கள். மேட்ச்மூவ் துறை, படப்பிடிப்பில் கேமரா எப்படி நகர்ந்ததோ அதே நகர்வைக் கணினிக்குள் உருவாக்கித் தரும். ரோட்டோ துறை நாயகனின் உருவத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் பின்னணியிலிருந்து பிரித்துத் தரும். அவரைத் தாங்கிப் பிடித்த கம்பியையும் கிரேனையும் அழிப்பது பெயின்ட் துறையின் வேலை. இன்னொரு பக்கம் மாடலிங், டெக்ஸ்சரிங், ரிக்கிங் துறைகள் நாயகனின் டிஜிட்டல் நகலைத் தயாரிக்கும். அனிமேட்டர் அதை அசைப்பார். உடையும் கண்ணாடியும் எழும் புழுதியும் எஃப்எக்ஸ் துறையிலிருந்து வரும். எல்லாவற்றுக்கும் படப்பிடிப்பு நடந்த இடத்தின் வெளிச்சத்தை லைட்டிங் கொடுக்கும். கடைசியில் காம்பாசிட்டர் இவற்றை ஒரே படமாக இணைப்பார். பெரிய ஸ்டுடியோக்களில் இத்தனை துறைகளும் ஒரே ஊரில் இருப்பதுகூட இல்லை. லண்டனில் பிறந்த டி.என்.இ.ஜி.க்குச் சென்னையிலும் மும்பையிலும் கிளைகள் உண்டு. ஒரே படத்தின் ஷாட்டுகள் கண்டம் விட்டுக் கண்டம் போய் வருவது அன்றாட நடைமுறை.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாமே ‘கிராபிக்ஸ்’. உள்ளே இவற்றுக்குத் தேவையான மனப்பாங்குகள் ஒன்றுக்கொன்று தொலைவானவை. ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ், காம்ப் (காம்பாசிட்டிங்) ஆகியவை கூர்மையான கண்ணையும் பொறுமையையும் கேட்பவை. அனிமேஷன் நடிப்பின் தங்கை. 2012இல் வந்த ‘நான் ஈ’ படத்தில் கதாநாயகன் பேச முடியாத ஓர் ஈ. அதன் கோபமும் குறும்பும் திரையரங்கில் நம்மை எட்டின என்றால், ஓர் ஈக்கு எப்படி நடிப்பு வரும் என்று யோசித்த அனிமேட்டர்கள் இருந்ததால்தான். மாடலிங், டெக்ஸ்சரிங், லைட்டிங் மூன்றும் சிற்பிக்கும் புகைப்படக்காரருக்கும் உரிய கண்ணை எதிர்பார்க்கும். ரிக்கிங், எஃப்எக்ஸ், பைப்லைன் (துறைகளுக்கு இடையே கோப்புகளைக் கடத்தும் நிரல்களை எழுதும் துறை) ஆகியவற்றில் கணக்கும் நிரல் எழுதுவதும் சோறு போடும். பொறியியல் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் பலர் இந்த நான்காவது கதவைக் கவனிப்பதே இல்லை. பைதானும் லினக்ஸும் தெரிந்த ஒருவருக்குப் பைப்லைன் துறையில் போட்டி குறைவு. படம் வரையத் தெரியாது என்பது அங்கே குறையே இல்லை.

துறையைக் கண்டுபிடிக்க ஒரு மாதம்

வாரத்துக்கு ஒன்றாக நான்கு சிறு வேலைகளைச் செய்து பாருங்கள். நான்கையும் இலவச மென்பொருளான பிளெண்டரிலேயே செய்யலாம். விளக்கக் காணொளிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன.

1. முதல் வாரம், துள்ளும் பந்து. ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பந்துகள் செய்யுங்கள். ஒன்று ரப்பர், மற்றது இரும்பு. எது எது என்று வீட்டில் இருப்பவர் கேட்காமலே சொல்ல வேண்டும். நிறத்தையோ ஒலியையோ கொண்டு உதவக் கூடாது, அசைவு மட்டும்தான்.

2. இரண்டாம் வாரம், கைப்பேசியில் தெருவில் நடந்துபோகும் நண்பரைப் படம் பிடியுங்கள். ஐந்து விநாடியை எடுத்து அவரைப் பின்னணியிலிருந்து வெட்டி, வேறொரு பின்னணியில் வையுங்கள்.

3. மூன்றாம் வாரம், வீட்டில் இருக்கும் ஒரு பித்தளைச் சொம்பை ஜன்னலோரம் வைத்துப் புகைப்படம் எடுங்கள். அதே சொம்பை, அதே வெளிச்சத்தில், கணினிக்குள் உருவாக்குங்கள். நசுங்கலும் கறையும் உட்பட.

4. நான்காம் வாரம், நூறு கோப்புகளின் பெயரை ஒரே அடியில் மாற்றும் சிறு பைதான் நிரல் எழுதுங்கள். நேரம் மிஞ்சினால் கொட்டும் மணலையோ எழும் புகையையோ சிமுலேஷனில் முயன்று பாருங்கள்.

மாத முடிவில் எது அழகாக வந்தது என்று பார்க்காதீர்கள். முதல் முயற்சியில் நான்குமே சுமாராகத்தான் இருக்கும். எவரும் சொல்லாமல் எந்த வேலைக்குத் திரும்பிப்போய் மறுபடி திருத்தினீர்களோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் ஒரே ஷாட் பத்து, இருபது முறை திருத்தத்துக்குத் திரும்பி வரும். திருத்தம் எரிச்சலூட்டாத துறைதான் உங்களுடையது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். விளம்பரம், தொலைக்காட்சித் தொடர், யூடியூப் என்று இயங்கும் சிறு ஸ்டுடியோக்களில் எல்லாம் தெரிந்த ஆளைத்தானே கேட்கிறார்கள்? உண்மைதான். ஐந்து பேர் இருக்கும் இடத்தில் மாடலிங் செய்தவரே ரெண்டரும் போட்டு காம்பும் செய்வார். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவராக உங்களை எடுப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். அது பெரும்பாலும் அவர்களிடம் இல்லாத ஒரு திறமையாக இருக்கும். ஒன்றில் ஊன்றி, பக்கத்து வேலைகள் இரண்டில் கை வையுங்கள். எல்லாவற்றிலும் அரைகுறையாக இருப்பவருக்குச் சிறு ஸ்டுடியோவில் வேலை கிடைக்கலாம், சம்பளம் உயர்வது கடினம்.

ரோட்டோ: வாசலா, முட்டுச்சந்தா?

இந்தியாவில் புதிதாக நுழைபவர்களில் பெரும்பங்கினர் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். வெளிநாட்டுப் படங்களின் இந்த வேலைகள் இங்கே மொத்தமாக வருவதுதான் காரணம். இதைப் பற்றி இரண்டு எதிரெதிர்க் கருத்துகள் உலவுகின்றன. ‘இது குமாஸ்தா வேலை, கலை இல்லை’ என்பது ஒன்று. ‘எது கிடைத்தாலும் உள்ளே போய்விடு, பிறகு மாறிக்கொள்ளலாம்’ என்பது மற்றது. இரண்டும் பாதி உண்மை. ரோட்டோ கற்றுத்தருவது விளிம்பைப் பார்க்கும் கண்ணை. காம்பாசிட்டருக்கு அதைவிட முக்கியமான அடிப்படை ஏதும் இல்லை. ஆனால் ‘பிறகு மாறிக்கொள்ளலாம்’ என்பது தானாக நடக்காது. நன்றாக ரோட்டோ செய்பவரை விட்டுக்கொடுக்க எந்த லீடுக்கும் மனம் வராது. நேரத்துக்கு முடித்துக் கொடுப்பவருக்கு அடுத்த ஷாட்டும் ரோட்டோவாகவே வந்து சேரும்.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். பருத்திச் சேலை கட்டி, தலையில் மல்லிகைச் சரம் வைத்த ஒரு பெண் கேமராவைக் கடந்து நடக்கிறார். 100 ஃபிரேம்.

1. ஒரு புள்ளிகூட வைக்காமல் ஷாட்டைப் பல முறை ஓட்டிப் பாருங்கள். கை எங்கே மறைகிறது, முந்தானை எப்போது திரும்புகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2. உருவத்தைப் பகுதிகளாகப் பிரியுங்கள். தலை, கழுத்து, மேல்கை, முன்கை, உள்ளங்கை, ஒவ்வொரு விரலும் தனித்தனி ஷேப். சேலையின் உடற்பகுதி வேறு, முந்தானை வேறு. மூட்டுகளில் ஷேப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

3. அசைவின் எல்லைகளில் முதலில் கீஃபிரேம் வையுங்கள். கை முன்னால் போய் நிற்கும் ஃபிரேம், பின்னால் போய் நிற்கும் ஃபிரேம். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தேவைப்பட்டால் அதற்கும் நடுவில்.

4. ஷேப்பை மொத்தமாக நகர்த்தி, திருப்பிச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகே தனிப் புள்ளிகளைத் தொடுங்கள். முழங்கையில் வைத்த புள்ளி கடைசி ஃபிரேம் வரை முழங்கையிலேயே இருக்க வேண்டும்.

5. வேகமாக வீசும் கைக்கு மோஷன் பிளரை இயக்குங்கள். ஷேப்பின் கோடு அந்த மங்கலின் நடுவில் ஓட வேண்டும், வெளி ஓரத்தில் ஓடக் கூடாது.

6. பின்னால் அடர்சிவப்பை வைத்து ஓட்டுங்கள், பிறகு சாம்பலை வையுங்கள். உண்மையான வேகத்தில் பாருங்கள். விளிம்பு நடுங்குகிறதா என்று நிறுத்திப் பார்த்தால் தெரியாது, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் அநேகமாக மூன்று. உடம்பு முழுவதையும் ஒரே கோட்டில் சுற்றி வளைப்பது, தேவைக்கு மேல் புள்ளி வைப்பது, ஒவ்வொரு ஃபிரேமிலும் கீஃபிரேம் போடுவது. மூன்றுமே விளிம்பை நடுங்க வைக்கும். மல்லிகைச் சரத்தையும் காற்றில் பறக்கும் முடியையும் இழை இழையாகச் சுற்ற முயல்வது நான்காவது. தலையின் கெட்டியான உருவத்தைத் தனியாகவும், வெளியே தெரியும் சில முக்கிய இழைகளை மட்டும் தனியாகவும் செய்து, மற்றதைக் காம்பில் கீயிங் (நிற, ஒளி வேறுபாட்டைக் கொண்டு பிரிப்பது) மூலம் மீட்பதுதான் நடைமுறை.

‘இதையெல்லாம் இனி ஏ.ஐ. செய்துவிடுமே?’ என்ற அடுத்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2021இல் நியூக்கில் காப்பிகேட் என்ற வசதி வந்தது. சில ஃபிரேம்களில் நீங்கள் செய்துகாட்டியதைக் கற்றுக்கொண்டு மீதியை அது செய்யும். ஒரு சொடுக்கில் ஆளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இப்போது கைப்பேசியிலேயே உண்டு. எளிய ரோட்டோவுக்கு இனி ஆள் தேவை குறையும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். ஆனால் இந்தக் கருவிகள் தடுமாறுவது எங்கே என்று கவனியுங்கள். கை உடம்பைக் கடக்கும் இடம், மோஷன் பிளர், மெல்லிய துணி, இருட்டில் கறுப்பு முடி. பெரிய திரையில் அந்த இடங்கள் கண்ணில் குத்தும். தானாகப் பிரித்தெடுத்த உருவத்தில் பிழை எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்த, கையால் செய்து பழகிய கண் வேண்டும். ஆகவே ரோட்டோவில் நுழைவது தவறில்லை. அதிலேயே தங்கிவிடுவதுதான் முன்பைவிட ஆபத்தாகியிருக்கிறது. வேலையில் சேரும் நாளிலேயே அடுத்த துறை எது என்று முடிவு செய்து, வார இறுதிகளில் அதற்கான ரீலைத் தொடங்கிவிடுங்கள். ரோட்டோவிலும் பெயின்ட்டிலும் இருப்பவருக்குக் காம்ப், மேட்ச்மூவில் இருப்பவருக்கு லேஅவுட் (காட்சியில் கேமராவையும் பொருள்களையும் அமைப்பது) ஆகியவை இயல்பான அடுத்த கதவுகள்.

ரீல்: ஒரு நிமிடம் போதும்

ஒரு பணியிடத்துக்குக் குவியும் ரீல்களைப் பார்க்கும் சூப்பர்வைசர் தன் ஷாட் வேலைகளுக்கு நடுவேதான் அவற்றைப் பார்க்கிறார். முதல் பத்து விநாடியில் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். சுமாரான ஒரு ஷாட் நல்ல மூன்று ஷாட்டுகளையும் கீழே இழுத்துவிடும். ‘இது சரியில்லை என்று இவருக்குத் தெரியவே இல்லையே’ என்றுதான் அவருக்குத் தோன்றும். கண்தான் இங்கே தகுதி என்பதால், எதைச் சேர்த்தீர்கள் என்பதுபோலவே எதை விட்டீர்கள் என்பதும் உங்கள் கண்ணைக் காட்டும்.

1. தொடக்கத்தில் மூன்று விநாடி: பெயர், துறை, தொடர்பு விவரம். சுழலும் எழுத்து, நெருப்பு, பட முன்னோட்டப் பாணி எதுவும் வேண்டாம்.

2. ஆகச் சிறந்த ஷாட் முதலில் வரட்டும். கடைசிக்கு என்று எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள், கடைசி வரை பார்ப்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை.

3. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிரேக்டவுன் காட்டுங்கள். பிளேட் எது, நீங்கள் செய்தது எது, முடிவு எது.

4. குழுவாகச் செய்த ஷாட் என்றால் உங்கள் பங்கை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். பிறர் வேலையைத் தன்னுடையது என்று காட்டுபவர் சீக்கிரம் அகப்படுவார். இந்தத் துறையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

5. அனிமேஷன் ரீலில் லைட்டிங் அழகு தேவையில்லை. சாம்பல் நிற உருவமே போதும், நடை, எடை, கண்ணசைவு சரியாக இருந்தால். லைட்டிங் ரீலுக்கு நேர்மாறு.

6. ஒரு நிமிடத்தில் முடியுங்கள். நாற்பது விநாடியே நல்லது இருந்தால் நாற்பதிலேயே நிறுத்துங்கள்.

பிரபலமான பயிற்சிக் காணொளியில் வரும் அதே டோனட்டையும் அதே ரோபோவையும் சேர்ப்பது மிகப் பரவலான தவறு. சூப்பர்வைசரின் கண் அதை நூறு பேரின் ரீலில் பார்த்திருக்கும். பயிற்சிக்கு நல்ல பிளேட் கிடைப்பதில்லை என்று சொல்வதற்கும் இப்போது இடமில்லை. பிளெண்டர் அமைப்பு 2012இல் வெளியிட்ட ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ குறும்படத்தின் அசல் படப்பிடிப்புக் காட்சிகள், பச்சைத் திரையுடன், யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு கிடைக்கின்றன. படைத்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டால் போதும்.

பாதுகாப்புக் குறிப்பு: வேலையில் சேர்ந்த பிறகு, வெளிவராத படத்தின் ஒரு ஃபிரேமைக்கூட ரீலிலோ நண்பர்கள் குழுவிலோ போடாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பீர்கள். பல ஸ்டுடியோக்களில் வேலைத்தளத்துக்குள் கைப்பேசிக்கே அனுமதி இல்லை. படம் வெளிவந்த பிறகும் நிறுவனம் எழுத்தில் அனுமதித்தால்தான் சேர்க்கலாம்.

மென்பொருளும் கணினியும்

இதற்குக் கொஞ்சம் இடம் போதும். லாத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’ முழுக்கப் பிளெண்டரில் உருவாகி, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்காரைப் பெற்றது. கருவி இலவசம் என்பதால் வேலை மட்டமாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனாலும் பெரிய ஸ்டுடியோவில் காம்ப் என்றால் நியூக், எஃப்எக்ஸ் என்றால் ஹௌடினி, கேரக்டர் அனிமேஷன் என்றால் மாயா என்பதே இன்றைய நிலை. நியூக்குக்கு வணிகமல்லாத பயன்பாட்டுக்கான பதிப்பும், ஹௌடினிக்கு அப்ரெண்டிஸ் பதிப்பும் இலவசம். மாயா மாணவர்களுக்கு இலவசம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஃப்யூஷன் என்ற காம்ப் வசதி இருக்கிறது. இத்தனை இருக்கும்போது திருட்டுப் பதிப்பை இறக்கிக் கணினியை வைரஸுக்குத் திறந்துவிடுவது வீண் வேலை.

கணினியில் ரோட்டோவுக்கும் அனிமேஷனுக்கும் 16 ஜி.பி. ரேம் வைத்துத் தொடங்கலாம், காம்புக்கும் எஃப்எக்ஸுக்கும் 32 இருந்தால் மூச்சு முட்டாது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல திரைக்கும் பேனா டேப்லெட்டுக்கும் ஒதுக்குங்கள். நிறம் தவறாகக் காட்டும் திரையில் காம்ப் பழகுவது பழகாமல் இருப்பதைவிட மோசம்.

பணம் கட்டுவதற்கு முன்

பயிற்சி நிலையமே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. வேலை செய்பவரின் கண்ணால் உங்கள் ஷாட்டைப் பார்த்து, ‘தோள் ஒரு ஃபிரேம் தாமதம்’ என்று சொல்லும் ஆள் கிடைப்பது பெரிய விஷயம். வீட்டில் தனியாகப் படிப்பவருக்கு அது எளிதில் கிடைக்காது. சென்னை தரமணியில் உள்ள தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையிலும் அனிமேஷனுக்கு மதிப்பான படிப்புகள் உண்டு. இவற்றில் இடம் கிடைப்பது கடினம் என்பதால்தான் பெரும்பாலோர் தனியார் நிலையங்களின் வாசலில் நிற்கிறார்கள். அங்கே கேட்க வேண்டியவை:

1. போன ஆண்டு முடித்தவர்களின் ரீல்களைக் காட்டுங்கள். சுவரில் ஒட்டிய ஹாலிவுட் பட போஸ்டர் எதற்கும் சான்றில்லை.

2. பாடம் எடுப்பவர் எந்தத் துறையில் எத்தனை ஆண்டு வேலை செய்தார்? காம்ப் தெரியாதவர் காம்ப் சொல்லித்தரும் இடங்கள் இருக்கின்றன.

3. ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்றால் எந்த நிறுவனம், எந்தத் துறை, என்ன சம்பளம்? வேலைவாய்ப்பு வேறு, நேர்காணலுக்கு அனுப்பி வைப்பது வேறு.

4. நடுவில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பதில் எழுத்தில் வேண்டும்.

5. தவணை என்று சொல்லி நீட்டும் தாள் உண்மையில் நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமா? அப்படியானால் நீங்கள் படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

‘பட்டம் இல்லாமல் முடியாதா?’ என்றால், ரீல் பார்த்து எடுக்கும் இடத்தில் முடியும். ஆனால் பல நாடுகளின் பணி விசா விதிகள் பட்டத்தைப் பார்க்கின்றன, சில நிறுவனங்களின் மனிதவளத் துறையும் பார்க்கிறது. ஏதாவது ஒரு பட்டத்தை முடித்துவிடுங்கள். அது அனிமேஷன் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

டெஸ்ட், ஆஃபர், கையெழுத்து

ரீல் பிடித்தால் டெஸ்ட் தருவார்கள். ஒரு ஷாட், குறிப்பிட்ட கெடு. கெடுவுக்குள் முடிப்பதும், கோப்புக்குச் சொன்ன பெயரையே வைப்பதும், திருத்தம் சொன்னால் வாதாடாமல் சொன்னதை மட்டும் மாற்றுவதும் அந்த டெஸ்ட்டின் பகுதிகள்தான். ஸ்டுடியோ ஒவ்வொரு ஷாட்டையும் மேன்டே (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை) கணக்கில்தான் விலை பேசியிருக்கும். மூன்று மேன்டே ஷாட்டை ஒரு வாரம் இழைத்து அழகாக்குபவர் நஷ்டக் கணக்கில் வருவார். இதைக் கலைக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் கைத்தேர்ச்சியில் அடங்கும்.

சில எச்சரிக்கைகள். வேலை தர முன்பணம் கேட்கும் இடம் ஸ்டுடியோ அல்ல. டெஸ்ட் என்ற பெயரில் ஒரே படத்தின் ஷாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், அது கூலியில்லா வேலை, மரியாதையாக நிறுத்திக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள், நகல் போதும். பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், உடைத்தால் எவ்வளவு என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தனியாக வேலை எடுத்துச் செய்பவர்கள் முன்பணம் வாங்காமல் தொடங்க வேண்டாம், முழுப் பணம் வரும்வரை வாட்டர்மார்க் உள்ள பிரதியை மட்டும் அனுப்புங்கள். திருத்தம் எத்தனை முறை என்பதையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

நிலையில்லாத தொழிலில் நிலைப்பது

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. பெற்றவர்கள் எழுப்புவது. ‘இந்தத் தொழிலை நம்பலாமா?’ நடந்தவற்றைப் பார்த்தால் அவர்கள் பயம் வீணானதில்லை. புதுச்சேரியில் தொடங்கும் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் அதே படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்காரும் கிடைத்தது. 2023இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது படப்பிடிப்புகள் நின்றன. படப்பிடிப்பு நின்றால் சில மாதங்கள் கழித்து இங்கே பிளேட் வருவதும் நிற்கும். 2025 பிப்ரவரியில் எம்.பி.சி., தி மில் ஆகிய ஸ்டுடியோக்களை வைத்திருந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூருக் கிளையில் இருந்தவர்களும் வேலை இழந்தார்கள். திறமைக் குறைவால் அவர்கள் வேலை போகவில்லை.

இதற்குப் பதிலாகத் தொழில் நிலையானது என்று நான் வாதிடப் போவதில்லை. நிறுவனம் நிலையில்லை, துறைத் திறமை இடம் மாறும். ஒரு ஸ்டுடியோ மூடினால் அதன் காம்பாசிட்டரை அடுத்த ஸ்டுடியோ காம்பாசிட்டராகவே எடுக்கும். ‘கிராபிக்ஸ் தெரியும்’ என்ற ஆளுக்கு அந்த வசதி இல்லை. துறையை முதலில் தீர்மானியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டு வேலையை மட்டும் நம்பாமல் உள்நாட்டுப் படங்களிலும் கை பழகியிருப்பது நல்லது. 2024இல் வந்த ‘அயலான்’ படத்தின் வேற்றுக்கிரகவாசியை உருவாக்கியது சென்னையின் ஃபாண்டம் எஃப்எக்ஸ். இங்கேயும் வேலை இருக்கிறது, கெடு மட்டும் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

முதல் வேலையில் இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியவை:

1. குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் சேருங்கள். வீட்டுக்கடன், வண்டிக்கடன் எல்லாம் அதற்குப் பிறகு.

2. சம்பளச் சீட்டுகள், பணி நியமனக் கடிதம், வருங்கால வைப்பு நிதி எண் ஆகியவற்றை மாதாமாதம் சொந்தக் கணக்கில் சேமித்து வையுங்கள். நிறுவனம் மூடிய பிறகு அதன் மின்னஞ்சல் திறக்காது.

3. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடி தள்ளி இருக்கும் எதையாவது இருபது விநாடி பாருங்கள். மணிக்கட்டில் வலி தொடங்கினால் கெடு முடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கைதான் மூலதனம்.

4. ஒவ்வொரு படத்திலும் செய்த வேலையை ஒரு தாளில் குறித்து வையுங்கள். படத்தின் பெயர், எந்த வகை ஷாட், உங்கள் பங்கு, எந்த மாதம், லீட் யார். படமோ காணொளியோ வேண்டாம், எழுத்து மட்டும். பெரிய படங்களின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் வேலை செய்த எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. இரண்டு ஆண்டு கழித்து நேர்காணலில் ‘அந்தப் படத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கும்போது, படம் அதற்குள் வெளிவந்திருந்தால், அந்தத் தாளைப் பார்த்துத்தான் பதில் சொல்வீர்கள்.